இலை பச்சையாக இருந்தால் கீரை நல்லதா? பார உலோகங்களும் தாவர நெருக்கீடும்

கிருலப்பனை மலர்

வணக்கம். கிருலப்பனைக் கால்வாயை ஒட்டிய எங்கள் வளவில் கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை ஆகியவற்றைப் பல வருடங்களாகப் பயிரிட்டு வருகிறோம். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சுவதை அயலவர்கள் வாங்கிச் செல்வார்கள். அண்மையில் பார உலோக மாசு பற்றி ஒரு விஞ்ஞானி ஆற்றிய உரையைக் கேட்டதிலிருந்து ஒரு சந்தேகம் மனதில் இருக்கிறது. கட்மியம், ஈயம் போன்றவை சேர்ந்த மண்ணில் வளரும் பயிர் நெருக்கீட்டுக்கு உள்ளாகும் என்றும், இலை மஞ்சளித்து, வேர் குறுகி, வளர்ச்சி குன்றும் என்றும் அவர் விளக்கினார். எங்கள் கீரையில் அப்படி எதுவும் இல்லை. தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக, வெட்ட வெட்டத் தழைக்கிறது. அப்படியானால் எங்கள் மண் சுத்தமானது என்று எடுத்துக்கொள்ளலாமா? கால்வாய்க்கரைக் கீரையைத் தொடவே கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. செடிக்கு வராத நோய் நமக்கு எப்படி வரும் என்று கேட்கிறார் என் கணவர். துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்முடி

மலர் அக்கா, நான் தாவர உடற்றொழிலியல் ஆய்வுகூடம் ஒன்றில் இதே விடயத்தில் வேலை செய்பவன். உங்கள் கணவரின் வாதம் சில உலோகங்களுக்குச் சரி. நீங்கள் முதலில் அஞ்ச வேண்டிய உலோகத்துக்குச் சரியல்ல.

இதை முறையாக வகுத்துச் சொன்னவர், ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் பணியாற்றிய ரூஃபஸ் சேனி. ‘மண்-தாவரத் தடை’ என்ற கருத்தை அவர் 1980இல் முன்வைத்தார். நாகம் (துத்தநாகம்), செம்பு, நிக்கல் போன்றவை மண்ணில் மிகுந்தால், உண்பவருக்குத் தீங்கு செய்யும் அளவை எட்டுவதற்கு முன்னரே பயிர் கருகிவிடும். ஈயமும் குரோமியத்தின் மூவலு வடிவமும் மண் துணிக்கைகளிலோ வேரிலோ பிடிபட்டுக்கொள்வதால் இலைவரை அதிகம் ஏறுவதில்லை. இவ்விரு வகையிலும் செடியே நமக்கு ஓரளவு காவல். கட்மியம் இந்தத் தடைக்கு உட்படாதது. அது வேரிலிருந்து இலைக்கு எளிதில் ஏறும். செடியை வாட்டும் அளவை எட்டுவதற்கு வெகு முன்னரே மனிதருக்கான வரம்பைக் கடந்துவிடும்.

எண்களில் சொன்னால், உணர்திறன் கூடிய பயிர்களிலேயே உலர்ந்த இலையில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 மில்லிகிராம் கட்மியம் சேர்ந்த பின்னர்தான் வாட்டம் தெரிய வரும். இலைக்கறிகளுக்கு, சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு விதித்துள்ள வரம்போ பச்சை எடையில் கிலோகிராமுக்கு 0.2 மில்லிகிராம். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால், உலர் எடையில் அது சுமார் 2 மில்லிகிராம். ஆகவே வரம்பைப் போல இரண்டு மூன்று மடங்கு கட்மியத்தை வைத்துக்கொண்டும் உங்கள் கங்குன் தளதளவென்று நிற்க முடியும்.

கட்மியத்துக்கென்று வேரில் தனி வாயில் கிடையாது. இரும்பை உள்ளெடுக்கும் புரதத்தின் வழியாகவும், நெல்லில் மங்கனீசை உள்ளெடுக்கும் புரதத்தின் வழியாகவும், அடுத்தவரின் பருவகாலச் சீட்டைக் காட்டி ரயிலேறும் பயணியைப் போல அது நுழைந்துவிடுகிறது. உள்ளே வந்ததும் கலம் சும்மா இருப்பதில்லை. கலத்தின் காவல் மூலக்கூறான குளுத்தாதையோனை மூலப்பொருளாகக் கொண்டு ஃபைட்டோகெலட்டின் என்ற சிறு பெப்தைட்டுகளை ஆக்கி, உலோகத்தை அவற்றோடு பிணைத்து, கலத்தின் சேமிப்பறையான புன்வெற்றிடத்துக்குள் தள்ளிப் பூட்டுகிறது. ஜெர்மனியில் எர்வின் கிரில், வின்னாக்கர், சென்க் ஆகிய மூவரும் 1985இல் இந்தப் பெப்தைட்டுகளைத் தாவரக் கலங்களில் கண்டறிந்தார்கள். அவர்கள் கட்மியம் ஊட்டி வளர்த்தது நமது வைத்தியர்களுக்குப் பழக்கமான சர்ப்பகந்தியின் கலங்களைத்தான் என்பது பலருக்குத் தெரியாது.

இந்தப் பூட்டு நிரம்பி வழியும்போதுதான் நெருக்கீடு வெளியே தெரிகிறது. குளுத்தாதையோன் கரைந்து போவதால் ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வடிவங்களைத் தணிக்க ஆள் இல்லாமல் போகிறது; மென்சவ்வின் கொழுப்பு சிதைகிறது; பச்சையத்தின் நடுவிலுள்ள மகனீசியத்தின் இடத்தை வேற்று உலோகம் பிடிக்கிறது. நீங்கள் கேட்ட உரையில் வந்த மஞ்சள் இலை இந்தக் கட்டத்துக்குரியது. பாதுகாப்பு ஒழுங்காக இயங்கும்வரை இலை பச்சையாகவே இருக்கும். அந்தப் பாதுகாப்பு, உலோகத்தை இலைக்குள்ளேயேதான் வைத்திருக்கிறது.

அளவுகோல்

வேர்முடி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்தத் துறையின் ஆய்வுகளைப் படித்துவிட்டு வீட்டுத்தோட்டத்துக்கு முடிவு சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பகுப்பாய்வு இரசாயனத்தில் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மாசுபடாத மண்ணின் கரைசலில் கட்மியம் 0.04 முதல் 0.32 மைக்ரோமோலர் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) வரை இருக்கும் என்றும், 1 மைக்ரோமோலர் அளவை எட்டினால் அது நடுத்தர மாசு என்றும் தாவர நெருக்கீடு பற்றிய மீளாய்வுகளே கூறுகின்றன. அப்படியிருக்க, நாற்றை ஊட்டக்கரைசலில் நிறுத்தி, 50 அல்லது 100 மைக்ரோமோலர் கட்மியத்தை ஒரே நாளில் ஊற்றி, சில நாட்களில் பிடுங்கி அரைத்து, மலோன்டையல்டிகைட்டு (கொழுப்பு சிதைவதன் விளைபொருள்) கூடியது, புரோலின் என்ற அமினோ அமிலம் கூடியது, ஐதரசன் பேரொட்சைட்டைச் சிதைக்கும் கற்றலேசு நொதியம் கூடியது அல்லது குறைந்தது என்று எழுதப்படும் கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. அடுத்த கட்டுரையில் அதே கரைசலுக்கு ஏதோ ஒரு பொருளைச் சேர்த்து, நெருக்கீடு தணிந்தது என்பார்கள். இது மண்ணில் நடப்பதைப் பற்றிய ஆய்வே அல்ல. திடீர் நஞ்சூட்டலைப் பற்றிய ஆய்வு.

அத்தோடு, புரோலின் வறட்சியிலும் கூடும், உப்பிலும் கூடும், குளிரிலும் கூடும். மலோன்டையல்டிகைட்டும் அப்படித்தான். ஓர் இலையில் இவை மிகுந்திருப்பதைக் கொண்டு செடி துன்பப்படுகிறது என்று சொல்லலாமே ஒழிய, எதனால் துன்பப்படுகிறது என்று சொல்ல முடியாது. மலர் அவர்களின் கீரை நாளைக்கே மஞ்சளித்தாலும், அதற்கு நைதரசன் பற்றாக்குறையோ நீர் தேங்கியதோ காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வேர்முடி

ஐயா, அந்த விமர்சனத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். எங்கள் துறையில் மிகைச் செறிவுப் பரிசோதனைகள் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டன. முந்தைய கட்டுரையில் 100 இருந்தது என்பதற்காக அடுத்தவரும் 100 என்றே வைப்பார்.

ஆனால் பொறிமுறையைக் கண்டுபிடிப்பதற்கு அவை உதவியதையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், கமியோக்கா சுரங்கத்திலிருந்து வந்த கட்மியம் நெல்லில் ஏறி, எலும்புகள் முறியும் இத்தாய்-இத்தாய் நோயை உண்டாக்கியதை அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. அங்கும் நெல் வாடிப்போய் யாரையும் எச்சரிக்கவில்லை. மங்கனீசின் வாயில் வழியாகவே கட்மியம் நெல்லுக்குள் புகுகிறது என்பது தெளிவாகியதோடு, காபன் அயன் கதிர் பாய்ச்சிப் பெற்ற கொஷிஹிகாரி நெல்லின் விகாரி (மரபணு மாறிய செடி) ஒன்றில் அந்த வாயில் பழுதடைந்திருப்பதை 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதன் அரிசியில் கட்மியம் மிகச் சொற்பம். விளைச்சலில் குறை இல்லை.

எங்கள் ஆய்வுகூடத்தில் மண் நிரப்பிய சாடிகளில், மிதமான அளவில் பார்க்கும்போது தெரிவது இதுதான். சாடிக்கு வெளியே கட்மியச் செடிக்கும் கட்மியம் சேர்க்காத கட்டுப்பாட்டுச் செடிக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. சாடியைக் கவிழ்த்து, வேரை மெல்லக் கழுவி வெள்ளைத் தட்டில் பரப்பினால்தான் கதை வெளிவரும். வேர்நுனிகள் மழுங்கி, சற்றே தடித்து, வெண்மை போய்ப் பழுப்பேறியிருக்கும், வேர்மயிர்கள் குறைந்திருக்கும், நுனிக்கு மிக அருகிலேயே பக்கவேர்கள் நெருக்கமாகக் கிளைத்திருக்கும். நெருக்கீட்டை இலையில் தேடுவதே பிழையான இடத்தில் தேடுவது என்று எங்கள் மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவோம். ஆயினும் இந்த வேரும் எந்த உலோகம், எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு நைத்திரிக்கமிலத்தில் கரைத்து அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற கருவியில் அளப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

புறக்கோட்டைச் சரக்கு

நாட்டுமருந்துச் சரக்குக் கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன். தாவரம் வாடாமலேயே உலோகத்தைச் சேர்க்கும் என்றால், காட்டிலும் கரம்பையிலும் பிடுங்கி வரும் மூலிகைகளின் நிலை என்ன? நாங்கள் நிறம், மணம், பூச்சி அரிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறோம்.

வேர்முடி

நல்ல கேள்வி, அண்ணை. அதற்கான விடை நமது நாட்டிலேயே இருக்கிறது. அம்பாந்தோட்டை மாவட்டத்தில், அம்பலாந்தோட்டைக்கு அப்பால் கடலோரமாக உஸ்ஸங்கொடை என்ற செம்மண் வெளி உள்ளது. இராவணனின் வானூர்தி இறங்கிய இடம் என்று ஊரார் சொல்வார்கள். மரம் வளராமல், புல்லும் குட்டைச் செடிகளும் தரையோடு படர்ந்து கிடப்பதற்குக் காரணம் அங்குள்ள சர்ப்பெந்தைன் பாறை. அந்த மண்ணில் கிலோகிராமுக்கு 6,000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் உண்டு. இதில் எந்தத் தொழிற்சாலையும் சம்பந்தப்படவில்லை, முழுக்க இயற்கை.

இலங்கையில் பிறந்த தாவரவியலாளர் நிஷாந்த ராஜகருணா, பூம் என்பவரோடு சேர்ந்து நமது சர்ப்பெந்தைன் நிலங்களின் தாவரங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார். உலர்ந்த இலையில் கிலோகிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் இருந்தால் அதை மிகைத்திரட்டி என்பார்கள். அந்த எல்லையைத் தாண்டியதாக அவர்கள் பதிவு செய்த செடிகளில் விஷ்ணுகிராந்தியும் ஓரிதழ்த்தாமரையும் இருந்தன. இரண்டும் உங்கள் கடையில் உள்ளவை என்று நினைக்கிறேன். அந்த வெளியில் அவை நன்றாகப் பூத்து நிற்கின்றன. நிக்கலுக்குச் சேனி சொன்ன தடை பெரும்பாலான பயிர்களுக்குப் பொருந்தினாலும், இத்தகைய செடிகள் அதற்கு விலக்கு.

ஆகவே நிறமும் மணமும் இங்கே உதவாது. எந்த நிலத்திலிருந்து பிடுங்கியது என்ற தகவல்தான் உதவும். சாதாரண மண்ணில் வளர்ந்த விஷ்ணுகிராந்தியில் இந்தச் சிக்கல் இல்லை.

புறக்கோட்டைச் சரக்கு

எங்களுக்குச் சரக்கு மூன்று நான்கு கை மாறித்தான் வருகிறது. இனி வாங்கும்போது இடத்தைக் கேட்டுப் பார்க்கிறேன். சொல்வார்களா என்பது வேறு விடயம்.

அளவுகோல்

உலர் எடை, பச்சை எடை பற்றி மேலே ஒரு வரி வந்தது. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பத்திரிகைகளில் கிளம்பும் பீதியில் பாதி இதனால்தான். ஆய்வாளர்கள் உலர் எடையில் எழுதுவார்கள்; உணவுச் சட்டம் பச்சை எடையில் பேசும். கீரையில் 1.5 மில்லிகிராம் கட்மியம் என்று உலர் எடையில் வந்த முடிவை 0.2 என்ற வரம்போடு நேரடியாக ஒப்பிட்டு, ஏழு மடங்கு நஞ்சு என்று தலைப்பிட்டுவிடுவார்கள். பச்சை எடைக்கு மாற்றினால் அது 0.15 மட்டுமே.

அதற்காக வரம்புக்குக் கீழே என்றால் கவலையே இல்லை என்றும் ஆகாது. உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு, ஒருவரின் உடல் எடையில் கிலோகிராமுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் கட்மியம் என்று 2010இல் வரையறுத்தது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்டு நிற்கும் கீரையில் 100 கிராம் சாப்பிட்டால் 20 மைக்ரோகிராம் போய்விடும். மிச்சப் பாதியில் சோறு, கிழங்கு, கடலுணவு எல்லாம் அடங்க வேண்டும். புகைப்பவராக இருந்தால் அதுவும் சேரும். சிறுநீரகத்தில் தங்கிய கட்மியம் பாதியாகக் குறைவதற்குப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் எடுக்கும். உடலில் இரும்புச்சத்து குறைந்தவர்களின் குடல் கட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது என்பதையும், நம் வீடுகளில் அந்தக் குறை யாருக்கு அதிகம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கிருலப்பனை மலர்

நன்றி. இப்போது கணவரும் உட்கார்ந்து வாசிக்கிறார். எங்கள் நிலைமையைச் சரியாகச் சொல்கிறேன். கால்வாய் நீரை மோட்டார் வைத்து எடுத்து ஊற்றுவோம். கோடையில் அது சற்று உவர்க்கும். வளவு தாழ்வாக இருந்ததால் வீடு கட்டும்போது வெளியிலிருந்து மண் கொட்டி நிரப்பினார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய தகரக் கொட்டகை ஒன்று பெயின்ட் உரிந்தபடி ஓரத்தில் நிற்கிறது. தெரு, பாத்தியிலிருந்து பத்து அடி தூரம். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

வேர்முடி

வரிசையாகப் பார்ப்போம்.

உவர் நீர்தான் என் முதல் கவலை. குளோரைட்டு அயன் மண்ணில் ஒட்டியிருக்கும் கட்மியத்தோடு சேர்ந்து அதைக் கரைசலுக்குக் கொண்டு வந்துவிடும். மண்ணிலுள்ள மொத்தக் கட்மியம் மாறாமலேயே, செடிக்குக் கிடைக்கும் பங்கு கூடும். அவுஸ்திரேலியாவில் உவர் நீர் பாய்ச்சிய உருளைக்கிழங்கில் கட்மியம் உயர்ந்ததற்கு இதைத்தான் காரணமாகக் கண்டார்கள். அத்தோடு உப்பே செடிக்கு நெருக்கீடு தருவதால், அந்தக் காலத்தில் இலை வாடினால் காரணத்தைப் பிரிக்கவும் முடியாது. கோடையில் கால்வாய் நீரை நிறுத்திவிடுங்கள். மழைநீரோ குழாய் நீரோ போதும்.

அடுத்தது மண்ணின் அமிலத்தன்மை. கொழும்பைச் சூழவுள்ள ஈரவலயத்தின் செம்மஞ்சள் மண் இயல்பிலேயே அமிலமானது, அமில மண்ணில் கட்மியம் எளிதில் அசையும். டொலமைட் இட்டு பி.எச் பெறுமானத்தை 6.5 அளவுக்கு உயர்த்தினால் ஏற்றம் குறையும். ஆனால் அளந்து பார்க்காமல் அள்ளிக் கொட்டாதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் செடிக்கு இரும்பு கிடைக்காமல் போகும். இரும்புக்காகப் பசித்த வேர் அதே வாயிலை மேலும் திறந்து வைக்கும்.

தெருவும் தகரக் கொட்டகையும் ஈயத்தின் கணக்கில் வருபவை. ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டில் 2002இல் நிறுத்தப்பட்டாலும், அதற்கு முன் தெருவோர மண்ணில் படிந்தது அங்கேயே இருக்கிறது. ஈயம் வேரைத் தாண்டி அதிகம் ஏறாது என்றேன். ஆகவே கீரையில் ஈயம் வருவது பெரும்பாலும் தூசியாலும் மழைத்துளி தெறிக்கும் மண்ணாலும்தான், அதை நன்றாகக் கழுவிக் குறைக்கலாம். வல்லாரை தரையோடு கிடப்பதால் அதற்குத்தான் கழுவல் அதிகம் தேவை. கட்மியம் இலையின் கலத்துக்குள்ளே இருப்பது; எத்தனை தடவை கழுவினாலும் போகாது.

பெரியதம்பி

உயிர்க்கரி (தாவரப் பொருளைக் குறைந்த காற்றில் கருக்கிப் பெறும் கரி) போட்டால் எல்லா உலோகமும் பிடிபடும் என்று கேள்விப்பட்டேன். கால்வாயில் ஆகாயத்தாமரையை வளர விட்டு, தோட்டத்தில் சூரியகாந்தி நட்டால் அவையும் உலோகத்தை உறிஞ்சிச் சுத்தம் செய்துவிடுமாமே? செலவு இல்லாத வழி அல்லவா?

வேர்முடி

உயிர்க்கரிக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகப் பேராசிரியர் மெத்திகா விதானகேயின் குழுவினர் அதே உஸ்ஸங்கொடை மண்ணில் தக்காளி நட்டு, கிளிரிசிடியாவை எரித்து மின்சாரம் எடுக்கும்போது மிஞ்சும் கரியைக் கலந்து பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். 5 சதவீதம் கரி கலந்த மண்ணில் நிக்கல், குரோமியம், மங்கனீசு ஆகியவற்றின் ஏற்றம் வெகுவாகக் குறைந்தது. செடியும் பல மடங்கு வளர்ந்தது. மண்ணிலிருந்து உலோகம் எங்கும் போகவில்லை. வேருக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறியது, அவ்வளவுதான். வீட்டுத்தோட்டத்துக்கு அதுவே போதுமானது. 5 சதவீதம் என்பது சிறிய அளவல்ல என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 100 கிலோ மண்ணுக்கு 5 கிலோ கரி.

செடி நட்டு உலோகத்தை அகற்றும் யோசனை வேறு. அதையும் 1983இல் முன்மொழிந்தவர் சேனிதான்.

அளவுகோல்

அந்த யோசனைக்குக் கணக்கு நான் போடுகிறேன். ஒரு ஹெக்டயர் நிலத்தின் மேல்மண், 15 சென்றிமீற்றர் ஆழத்துக்கு, சுமார் 2,000 தொன். அதில் கிலோகிராமுக்கு 2 மில்லிகிராம் கட்மியத்தைக் குறைக்க வேண்டுமானால் 4 கிலோ கட்மியத்தை வெளியே எடுக்க வேண்டும். மிகைத்திரட்டி அல்லாத ஒரு பயிர் வருடத்துக்கு 10 தொன் உலர் நிறை தந்து, அதில் கிலோகிராமுக்கு 5 மில்லிகிராம் கட்மியத்தைச் சேர்த்தாலும், வருடத்துக்கு 50 கிராம்தான் வெளியேறும். எண்பது வருடங்கள் பிடிக்கும். அத்தனை வருடமும் அறுத்த செடியைக் கொட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும். ஆகாயத்தாமரை நீரிலிருந்து உலோகத்தை நன்றாக உறிஞ்சும், உண்மை. அதை அள்ளி எடுக்காமல் விட்டால் அழுகி, எடுத்ததை அதே கால்வாய்க்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அள்ளியதைக் கூட்டெருவாக்கிக் கீரைப் பாத்திக்குப் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

பெரியதம்பி

கணக்கைப் பார்த்ததும் ஆசை போய்விட்டது, ஐயா.

கிருலப்பனை மலர்

எங்கள் மண்ணையும் கீரையையும் பரிசோதிக்கக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். எப்படி எடுக்க வேண்டும்? ஒரு பிடி மண்ணைப் பையில் போட்டுக் கொண்டுபோனால் போதுமா?

அளவுகோல்

போதாது. கொட்டி நிரப்பிய மண் என்பதால் ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். கீரைப் பாத்தியில் குறைந்தது பத்து இடங்களில், 15 சென்றிமீற்றர் ஆழம்வரை எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் நன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைப் பிரியுங்கள். நாக முலாம் பூசிய மண்வெட்டியையோ வாளியையோ பாவிக்காதீர்கள். பரிசோதனையில் உங்கள் வாளியின் நாகமும் வந்து சேரும். நிழலில் உலர்த்துங்கள். கொட்டகை ஓரத்து மண்ணை இதோடு கலக்காமல் தனிப் பையில் எடுங்கள். அதற்கு ஈயம் மட்டும் பார்த்தால் போதும்.

கீரையை வழக்கமாகச் சமையலுக்குக் கழுவுவது போலக் கழுவிக் கொடுங்கள், ஏனெனில் நீங்கள் உண்பது அதைத்தான். கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். மண்ணுக்குக் கட்மியம், ஈயம், பி.எச் பெறுமானம் ஆகிய மூன்றும், கீரைக்குக் கட்மியமும் ஈயமும் கேளுங்கள். ஏழெட்டு உலோகங்களுக்குக் காசைச் செலவழிக்கத் தேவையில்லை.

வேர்முடி

கங்குனையும் பொன்னாங்காணியையும் தனித்தனியே கொடுங்கள், அக்கா. ஒரே பாத்தியில் நின்றாலும் இரண்டும் ஒரே அளவில் ஏற்றுவதில்லை. கோடையில் ஒரு தடவை, மழை விட்ட பின்னர் ஒரு தடவை கொடுக்க முடிந்தால், உவர் நீர் பற்றி நான் சொன்னது உங்கள் வளவில் எவ்வளவு உண்மை என்பதும் தெரிந்துவிடும். முடிவு வந்ததும் இங்கே இடுங்கள்; உலர் எடையா, பச்சை எடையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கிருலப்பனை மலர்

சரி. முடிவு வரும்வரை அயலவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தி வைக்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்கிறார் கணவர்.